ஒரு மானி போதுமெனில் எந்த மானி?

பி.எஸ்ஸி., இயற்பியல், மூன்றாம் ஆண்டு

இராயபுரம் கல்மண்டபத்துச் சாலையில் விடியற்காலை நான்கு மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு, எங்கள் பகுதி எதனால் உயிர் வாழ்கிறது என்பது எளிதில் விளங்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பனிக்கட்டி நீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றிவரும் சிறு வண்டிகள் ஒருபுறம். துறைமுகத்தை நோக்கிப் பெட்டகங்களைச் சுமந்து ஊர்ந்து செல்லும் நீண்ட லாரிகள் மறுபுறம். இரண்டுக்கும் உயிர்மூச்சு டீசல்தான்.

எஞ்சின் என்பது வடசென்னைப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் காணும் படமன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது இராயபுரம் நிலையத்திலிருந்துதான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனம் தன் தொழிற்சாலையை எண்ணூரில்தான் அமைத்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில், எஞ்சினைச் செய்தவரோ ஓட்டியவரோ பழுது பார்த்தவரோ இருப்பார் என்றால் அது மிகையாகாது.

அத்தகைய தெருவில், டீசல் பிக்கப் வண்டி ஒன்றில் கூடுதலாக ஒரே ஒரு மானியைப் பொருத்த வேண்டும், எந்த மானியைப் பொருத்தலாம் என்ற கேள்வி எழுந்தால் என்ன ஆகும்? ஆளுக்கொரு விடை வரும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது. ஏறத்தாழ ஒரு மாத காலம் அது எங்கள் வீட்டுச் சோற்றோடு சேர்ந்தே பரிமாறப்பட்டது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் அதில் கற்றுக்கொண்டதை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கேள்வியின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை மீன் லோடு ஓட்டுபவர். காசிமேட்டில் ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் இறக்குவார். வண்டி எங்களுக்குச் சொந்தம். ஆனால் அதன் மீதுள்ள கடன் எங்களைவிட அதற்கு நெருங்கிய சொந்தம். பழைய வண்டியாகவே வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை முழுதும் நீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வண்டியும் சக்கரம் மூழ்க இரண்டு நாள் நின்றது. தந்தை எஞ்சினை இயக்காமலே இழுத்துச் சென்று, எண்ணெயை மாற்றி, வடிகட்டியை மாற்றி, பிறகுதான் சாவியைத் திருகினார். வண்டி ஓடியது. ஆயினும் அன்று முதல் அவர் மனத்தில் ஓர் ஐயம் குடிகொண்டது.

அந்த ஐயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு என் மாமாவின் வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் நள்ளிரவில் நின்றுபோயிற்று. முன்பலகையில் எண்ணெயின் சிவப்பு விளக்கு மினுக்கியதாம். ஒயரிங் கோளாறாக இருக்கும் என்று எண்ணி, ஓரமாக நிறுத்த இடம் தேடி ஒரு கிலோமீட்டர் போயிருக்கிறார். அதற்குள் ‘கடகட’ வென்று சத்தம். பிறகு சத்தமே இல்லை. கிராங்கு தண்டின் பேரிங்குகள் உருகிப் பிடித்துக்கொண்டன. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க எழுபதாயிரம் ரூபாய் ஆயிற்று. அது வண்டிக்கு ஆன செலவு. வேலை இல்லாத ஆறு வாரத்துக்கு ஆன செலவை யார் கணக்கிட்டார்கள்? அத்தையின் வளையல்கள் கணக்கிட்டன.

எனவேதான் கூடுதல் மானி. அதிலும் ஒன்றே ஒன்று. பணம் ஒன்றுக்குத்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இடமும் ஒன்றுக்குத்தான் இருந்தது. இவ்விரண்டையும்விட, தந்தை சொன்ன மூன்றாவது காரணமே எனக்குப் பெரிதாகப் பட்டது. “ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டைப் பார்ப்பனா, நாலு மீட்டரைப் பார்ப்பனா? ஒண்ணு இருந்தா கண்ணு தானா போவும்.”

இனி போட்டியிட்டவர்களை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது, வெப்பமானி. எங்கள் மெக்கானிக் அண்ணன் தொடக்கத்தில் பரிந்துரைத்தது இதைத்தான். “மெட்ராஸ் வெயிலுக்கும் இந்த டிராபிக்குக்கும் ஹீட்டுதான்ணே எமன்” என்றார். அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. துறைமுக லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டால், காற்றோட்டம் இன்றி, விசிறியை மட்டும் நம்பி எஞ்சின் நிற்கும். ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் கெட்டால் அந்தக் காப்பும் போய்விடும்.

இரண்டாவது, டர்போ அழுத்தமானி. எதிர்வீட்டு அண்ணன் இதற்காக வாதாடினார். புகைவழி வெளியேறும் வாயுவின் வேகத்தால் சிறு சக்கரம் ஒன்று சுழன்று, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளுவதே டர்போ. அச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல வல்லது. தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தை இந்த மானி காட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முள் துள்ளும். பார்க்க அழகுதான்.

மூன்றாவது, புகைவாயு வெப்பமானி. இதில் இயற்பியல் மாணவனாகிய எனக்குத் தனிப்பட்ட பாசம் உண்டு. இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து, இணைப்புகளை வேறுவேறு வெப்பநிலையில் வைத்தால் மின்னியக்கு விசை பிறக்கும் என்பதை சீபெக் 1821-இல் கண்டார். நாம் ஆய்வகத்தில் மணல் தொட்டியும் பனிக்கட்டியும் வைத்துச் செய்யும் அதே சோதனைதான், புகைக்குழாயில் திருகப்பட்டு வண்டி மானியாகிறது. டீசல் எஞ்சினில் எரிபொருள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போனால் புகைவாயுவின் வெப்பம் ஏறும். 700 டிகிரி செல்சியசைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் ஆபத்து. அமெரிக்காவில் டீசல் பிக்கப்பில் கனமான இழுவை வண்டியைக் கட்டிக்கொண்டு மலையேறுவோர் முதலில் வாங்கும் மானிகளுள் இதுவும் ஒன்று.

நான்காவது, வோல்ட்மானி. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நலமா என்று சொல்லும். ஓடும் எஞ்சினில் 14 வோல்ட்டு அளவில் காட்டினால் நலம்.

ஐந்தாவது, எண்ணெய் அழுத்தமானி.

பெட்டக லாரி ஓட்டும் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், “ஏர் மீட்டர் இல்லாத வண்டி வண்டியா?” என்று ஆறாவதையும் சேர்த்தார். அவர் வண்டியின் பிரேக் காற்றால் இயங்குவது. எங்கள் வண்டியின் பிரேக் எண்ணெயால் இயங்குவது. ஆகவே அவருடைய வேட்புமனு தொடக்கத்திலேயே தள்ளுபடியாயிற்று.

ஐவரில் யாரைத் தேர்வது? ஒவ்வொரு மானிக்கும் நல்ல காரணம் இருக்கும்போது, ‘எது முக்கியம்’ என்று கேட்டால் விடை கிடைக்காது. வெப்பமும் முக்கியம், அழுத்தமும் முக்கியம், மின்சாரமும் முக்கியம். கேள்வியையே மாற்ற வேண்டியிருந்தது. அதை மாற்றித் தந்தவர் என் தாயார். அவர் வண்டி ஓட்டியதில்லை. “எல்லாத்தையும்தான் அவரே கண்டுபுடிச்சிடுவாரே. அவரால கண்டுபுடிக்க முடியாதது எது, அதை வாங்குங்க” என்றார்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். அனுபவம் மிக்க ஓட்டுநருக்கு ஏற்கெனவே பல மானிகள் உண்டு. காது ஒரு மானி, மூக்கு ஒரு மானி. ஆக்சிலேட்டரில் இருக்கும் பாதம் ஒரு மானி. எங்கள் வண்டியைப் போல இருக்கைக்கடியிலேயே எஞ்சின் உள்ள வண்டியில், உட்காரும் இடமும் ஒரு மானிதான்! கடையில் வாங்கும் மானி, இவை சொல்லாததைச் சொல்ல வேண்டும். சொல்வதையே திரும்பச் சொன்னால் அது வீண் செலவு.

இந்த உரைகல்லில் ஐந்தையும் உரைத்துப் பார்த்தோம்.

டர்போ கெட்டால் வண்டியின் இழுவை குறையும், கரும்புகை தள்ளும். பாதத்துக்கும் கண்ணுக்கும் தெரிந்துவிடும். எனவே அம்மானி வேண்டாம். மின்சாரம் குறைந்தால் முகப்பு விளக்கு மங்கும்; செல்ஃப் இழுக்காது. வண்டி நிற்குமே தவிர எஞ்சின் அழியாது. எனவே வோல்ட்மானியும் வேண்டாம். புகைவாயு வெப்பத்தைப் புலன்களால் அறிய முடியாது, அது உண்மை. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குச் சுமையேற்றுபவருக்கல்லவா அது தேவை? காசிமேட்டிலிருந்து வானகரம் வரை மேடு என்று சொல்லத்தக்கது மேம்பாலம் ஒன்றுதான். என் பாசத்துக்குரிய சீபெக்கை மனமின்றி ஒதுக்கினேன்.

எஞ்சின் வெப்பம்? முன்பலகையில் ஏற்கெனவே ஒரு முள் இருக்கிறது. அது துல்லியமானதன்று. நீர் முழுதும் வடிந்துபோனால், நீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணரி வெறும் ஆவியில் நின்று, வெப்பத்தைக் குறைத்தே காட்டிவிடவும் கூடும். இருந்தாலும் வெப்பம் ஊமையன்று. கூலண்டு கசிந்தால் இனிப்பு கலந்த ஒரு வாடை வரும். இருக்கை சுடும். ஆவி எழும். எச்சரிக்கை பல வழியில் வந்து சேரும்.

எஞ்சியது எண்ணெய் அழுத்தம். இதற்கு மணமில்லை, புகையில்லை, சூடில்லை. இழுவையும் குறைவதில்லை. அழுத்தம் மெல்ல மெல்ல வீழ்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் வழக்கம் போலவே ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அவ்விளக்கை இயக்கும் சுவிட்சு பொதுவாக சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அளவில்தான் மூடிக்கொள்ளும். 40 இருக்க வேண்டிய வேகத்தில் 10 இருந்தாலும் விளக்கு எரியாது. எரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மாமாவின் வண்டிக்கு நேர்ந்தது அதுவே.

இங்கே எண்ணெய் அழுத்தம் என்பது யாது என்று சற்றுச் சொல்வது பொருந்தும். எஞ்சினில் கிராங்கு தண்டு பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. தண்டு அதன்மேல் மிதந்தபடி சுழல்கிறது. எண்ணெய்ப் பம்பு ஓயாமல் எண்ணெயை அனுப்புகிறது. அந்த எண்ணெய் பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகளின் வழியே வெளியேற முயல்கிறது. அங்கே ஏற்படும் தடையே அழுத்தமாகத் தோன்றுகிறது. இடைவெளி தேய்ந்து அகன்றால் தடை குறையும், அழுத்தம் வீழும். எண்ணெய் நீர்த்துப்போனாலும் வீழும். பம்பு தேய்ந்தாலும், எண்ணெயே குறைந்தாலும் வீழும். ஆக, இந்த ஒரு முள் நான்கு நோய்களுக்கு நாடி பார்க்கிறது. மருத்துவர் எந்த நோயாளி வந்தாலும் முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பதை இதனோடு ஒப்பிடலாம். என்ன நோய் என்று அது சொல்லாது. நோய் இருக்கிறது என்று சொல்லும்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் விடையை ஏற்கவேண்டியவர் ஏற்கவில்லை.

என் தந்தை இருபத்தைந்து ஆண்டுகளாகக் காதால் வண்டி ஓட்டியவர். தெருமுனையில் வரும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே, “அவனுக்கு வால்வு அட்ஜஸ்ட் பண்ணணும்” என்பார். ஆனால் அண்மைக் காலமாக வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா சமையலறையிலிருந்து இருமுறை அழைக்க வேண்டியிருந்தது. காரணம் வியப்புக்குரியதன்று. பேரோசையில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்குச் செவித்திறன் குறையும்போது, 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள மெல்லிய உயர் ஒலிகளே முதலில் கேட்காமற்போகும். தாழ்ந்த ஒலிகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் குறை இருப்பதே அவருக்குத் தெரியாது. எஞ்சினின் ‘தடதட’ கேட்கும். அதற்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்காது.

இதை அவரிடம் யார் சொல்வது? நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியவுமில்லை. ஆனால் மானி என்ற பேச்சு எழுந்ததுமே அவர் எதையோ உணர்ந்துகொண்டார். “இத்தினி வருஷம் என் காதுதான்டா மீட்டரு. இப்ப இன்னா, புதுசா என்னைச் செக் பண்றீங்களா?” என்றார். அன்று இரவு அவர் சரியாக உண்ணவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் மெக்கானிக் அண்ணன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணே, உங்க காதுக்காக இல்லை. பேரிங் அடிக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்கும்போது, எனக்குக் கேக்கும்போது, பத்து வயசுப் பையனுக்குக் கேக்கும்போதும் அது போயி முடிஞ்சிருக்கும். ஆயில் பிரஷர் எந்தக் காதுக்கும் கேக்காது. கேக்கற சமாச்சாரத்துக்கு மீட்டர் போட்டாத்தான் உங்களுக்குக் குறைச்சல்.”

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எவ்ளோ ஆவும்?” என்று கேட்டார்.

வங்காள விரிகுடாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் லோடும் அருகிவிடும். வடசென்னையில் வலை பின்னுவதும், படகுக்கு வண்ணம் பூசுவதும், வண்டியைப் பிரித்து மேய்வதும் அந்த நாட்களில்தான். 2024 மே மாதம் ஒரு நாள் தந்தையும் நானும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றோம். பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. ஆனால் மானியைப் பழையதாக வாங்குவது பொய் சாட்சியைக் காசு கொடுத்து அழைத்து வருவதற்கு ஒப்பாகும் என்பது தந்தையின் கருத்து.

அங்கே மற்றொரு தேர்வு காத்திருந்தது. எண்ணெய் அழுத்தமானியில் இரு வகை. ஒன்று இயந்திர வகை. 1849-இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒரு பக்கம் மூடிய, தட்டையான, வளைந்த உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவு பல்சக்கரத்தின் வழியே முள்ளைத் திருப்பும். நீராவி எஞ்சின்களின் காலத்தில் கொதிகலன் வெடிக்காமல் காத்த கருவி அது. மின்சாரமே தேவையில்லை. ஆனால் எஞ்சினின் சூடான எண்ணெயை மெல்லிய குழாய் வழியே ஓட்டுநரின் முழங்காலருகே கொண்டுவர வேண்டும். குழாய் அதிர்ந்து உடைந்தால் சுடுஎண்ணெய் உள்ளே தெறிக்கும்.

மற்றது மின் வகை. எஞ்சினில் பொருத்தும் உணரியின் உள்ளே ஒரு சவ்வு; அழுத்தத்துக்கு ஏற்ப அது அசையும்போது மின்தடை மாறும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையில் தடை 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை செல்லும். வேறு அளவிலும் உணரிகள் உண்டு. மானியும் உணரியும் ஒரே அளவைச் சேர்ந்தவையாக இருப்பது கட்டாயம். மாற்றிப் பொருத்தினால் முள் துணிந்து பொய் சொல்லும். இரண்டையும் ஒரே பெட்டியில் வாங்குவதே அறிவுடைமை. நாங்கள் மின் வகையையே வாங்கினோம். மானி, உணரி, ‘டீ’ இணைப்பு, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து ரூ.3,000-த்துக்குள் முடிந்தது.

பொருத்துகையில் அறிந்த மூன்று செய்திகளை, வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். ஒன்று, பழைய சிவப்பு விளக்கின் சுவிட்சைக் கழற்றி எறியலாகாது. ‘டீ’ இணைப்பின் ஒரு கிளையில் சுவிட்சும் மறு கிளையில் உணரியும் இருக்க வேண்டும். முள்ளைப் பார்க்க மறந்தாலும் விளக்கு கண்ணில் படும். இரண்டு, ஒற்றைக் கம்பி உணரிக்கு அதன் மரையே எர்த்து. கசியக்கூடாதென்று டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்தால் எர்த்து அறுந்து அளவு தவறும். மூன்று, கனமான உணரியை எஞ்சினில் நேரே நீட்டித் தொங்கவிட்டால் அதிர்வில் இணைப்பு விரிசல் விடும். ஒரு பட்டை அடித்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

பொருத்திய அன்றே நான் தந்தையிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர் லோடு கணக்கு எழுதும் சிறு நோட்டில், நாளும் மூன்று அளவுகளைக் குறிக்க வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில். நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில். லோடு இறக்கி எஞ்சின் நன்கு சூடேறிய பின் ஐடிலிங்கில். ஏனெனில் மானி காட்டும் எண் தனியாக எதையும் சொல்லாது. நேற்றைய எண்ணோடு சேரும்போதுதான் அது பேசத் தொடங்கும். சூடான எஞ்சினுக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அது பொது விதி. நம் வண்டியின் விதியை நம் வண்டிதான் சொல்ல வேண்டும்.

முதல் வார அளவுகள்: குளிர்ந்த நிலையில் 60, ஓட்டத்தில் 45, சூடான ஐடிலிங்கில் 18. ஜூன், ஜூலை இரு மாதமும் இவை ஏறக்குறைய மாறவே இல்லை. “மூவாயிரம் ரூபாய்க்குப் பொம்மை வாங்கி வெச்சிருக்கோம்” என்று தந்தை சிரித்தார். ஆனால் குறிப்பதை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஐடிலிங் அளவு 16 ஆயிற்று. மாத இறுதியில் 14. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் 11. வண்டியின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. தந்தையின் காதுக்கோ என் காதுக்கோ எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் குறைந்திருக்குமோ என்று அளவுக்கோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் குறையவில்லை. மேல் கோட்டையும் தாண்டி நின்றது! நோட்டு மட்டும் இல்லாதிருந்தால், ‘எண்ணெய் நிறைய இருக்கிறது, கவலையில்லை’ என்று கோலை மீண்டும் செருகியிருப்பார்கள். குறைய வேண்டிய எண்ணெய் எப்படிக் கூடும்?

மெக்கானிக் அண்ணன் கோலின் நுனியை மூக்கருகே கொண்டுபோனார். “டீசல் வாடை அடிக்குதுண்ணே” என்றார். எஞ்சின் பக்கவாட்டில், தொட்டியிலிருந்து டீசலை ஏற்றும் சிறு பம்பின் ரப்பர் சவ்வில் ஒரு கிழிசல். அதன் வழியே டீசல் துளித்துளியாக எண்ணெய்க்குள் இறங்கியிருக்கிறது. அளவு கூடியது அதனால். எண்ணெய் நீர்த்து அழுத்தம் குறைந்ததும் அதனால். பம்பை மாற்றி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். இரண்டு நாள் வேலையும், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயின. மறுநாள் சூடான ஐடிலிங்கில் முள் 17-இல் நின்றது. நோட்டில் அந்த 17-ஐத் தந்தை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

இதைக் கொண்டு, எல்லா வண்டிக்கும் எண்ணெய் அழுத்தமானியே சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. நீலகிரியில் காய்கறி லோடு ஏற்றுபவருக்குப் புகைவாயு வெப்பமானி சரியான விடையாக இருக்கலாம். ரேடியேட்டர் பழுதடைந்த வண்டிக்கு வெப்பமானியே முதன்மை. புதிய வண்டிகளில் பெரும்பாலான அளவுகளை எஞ்சினின் கணிப்பொறியே கவனித்துக்கொள்கிறது. விடை மாறலாம், கேள்வி மாறாது. நம் புலன்களுக்கு எட்டாமல், ஓசையின்றி, நம்மை வீழ்த்தக்கூடியது எது? அதற்கே மானி வேண்டும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு என்று கருதுகிறேன். நாம் மதிப்பெண் என்ற ஒரு மானியை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். அது வேகமானி, எவ்வளவு விரைவாகப் போகிறோம் என்று சொல்லும். உள்ளே எது தேய்கிறது, எதில் எது கலந்து நீர்த்துப்போகிறது என்று சொல்லாது. வீட்டில் உழைக்கும் பெற்றோரின் உடல் எத்தகைய அழுத்தத்தில் ஓடுகிறது என்பதும் எந்தச் சிவப்பு விளக்கிலும் தெரிவதில்லை. அளவு கூடி நிற்பதெல்லாம் நலம் என்று நம்பிவிடக் கூடாது என்பதை அந்த அளவுக்கோல் எனக்குக் கற்பித்தது.

கடந்த மாதம் தந்தையே ஒரு நாள், “அந்தக் காது டாக்டரு எந்தக் கிழமை பார்க்கிறாரு, விசாரிச்சு வை” என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கிழமையை விசாரித்து, லோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.